கேள்வியும் கேலியும்

வினா அறுவகைப்படும் என்று நன்னூல் வகுக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. விடை தனக்குத் தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவர் அதனை அறிவாரா, அறிந்ததை மறையாது உரைப்பாரா என்று அளந்தறியக் கேட்பது அறி வினா. ஆசிரியர் மாணாக்கரிடம் கேட்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகத் தருவது உரையாசிரியர் வழக்கம். அங்கதத்தையோ தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சாடுவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து உரைப்பது பழிகரப்பு அங்கதம்.

இலக்கணத்தில் தனித்தனியே நின்ற இவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரே களத்தில் எதிரெதிரே வந்து நின்றன. அக்களம் தொலைக்காட்சி. ஆட்சியாளரிடம் கடுமையான வினாக்களைத் தொடுப்பது செய்தியாளரின் கடமை. அக்கடமையை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், நகைச்சுவையாளரே இன்று அதைச் செய்கிறார்கள் என்ற குரல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலமுறை எழுந்திருக்கிறது. அக்குரலில் உண்மை எவ்வளவு என்பதை அவ்விரு நாடுகளின் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் தகும்.

பணிவின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரிட்டனின் ஒலி, ஒளிபரப்பு பெரும்பணிவுடையதாக இருந்தது. நாடாளுமன்றத்தில் அடுத்த பதினான்கு நாள்களுக்குள் விவாதத்திற்கு வரவிருக்கும் எப்பொருளையும் பி.பி.சி. விவாதிக்கக் கூடாது என்றொரு விதி நடைமுறையில் இருந்தது. நாட்டு மக்கள் எதைப்பற்றி அறிய மிகவும் விழைந்தார்களோ, அதைப்பற்றியே வாய் திறவாதிருக்கும் கட்டுப்பாடு அது. 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி அதன் பொருத்தமின்மையை வெளிப்படுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் விதி நிறுத்திவைக்கப்பட்டது. அக்காலத்து நேர்காணல்களில், அமைச்சர் பெருமான் நாட்டு மக்களுக்கு ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா என்று வினவுவதே வழக்கம். அதனை வினா என்பதைவிட வரவேற்புரை என்பதே பொருந்தும்.

1955இல் தொடங்கிய தனியார் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவான ஐ.டி.என். இவ்வழக்கத்தை முதலில் உடைத்தது. வழக்கறிஞர் பயிற்சி பெற்ற ராபின் டே அதன் தொடக்ககாலச் செய்தியாளருள் ஒருவர். 1958 பிப்ரவரியில் தலைமையமைச்சர் ஹெரால்ட் மாக்மில்லனை நேர்கண்டபோது, வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிட் மீது எழுந்திருந்த குறைகூறல்களைப் பற்றி அவர் நேரடியாகவே கேட்டார். தலைமையமைச்சர் அமைதியாக விடையளித்தார். ஆயினும், இவ்வாறு கேட்பது முறையா என்று அடுத்த நாள் இதழ்கள் வாதிட்டன. இன்று மிக எளிமையாகத் தோன்றும் ஒரு வினா அன்று துணிச்சலாகக் கருதப்பட்டது என்பதே அக்காலத்தின் இயல்பைக் காட்டப் போதுமானது.

சனிக்கிழமை இரவுகள்

1962 நவம்பர் 24ஆம் நாள், சனிக்கிழமை இரவு, பி.பி.சி. ஒரு புதுமையைச் செய்தது. ‘தட் வாஸ் த வீக் தட் வாஸ்’ என்ற அங்கத நிகழ்ச்சி அன்று தொடங்கியது. நெட் ஷெர்ரின் தயாரித்தார். டேவிட் ஃப்ராஸ்ட் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர் நடத்தினார். அமைச்சர்கள், திருச்சபை, அரச குடும்பம், இதழ்கள் என்று எவரும் எள்ளலுக்குத் தப்பவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டார்கள் எனில் அதன் செல்வாக்கை உணரலாம்.

எள்ளப்பட்டவருள் முதல்வர் மாக்மில்லன். அவர் சினங்கொண்டு நிகழ்ச்சியைத் தடைசெய்வார் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால், தம்மைக் கேளாமல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று அவர் துறை அமைச்சருக்கு எழுதினார். மக்கள் கண்டுகொள்ளாமல் விடுவதைவிடச் சிரிப்பது நன்று என்பது அவர் கருத்து. அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். தம்மைப் பார்த்துச் சிரிப்பவன் தம்மை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை அவர் அறிந்திருந்தார். கேலியை ஆட்சி செரித்துக்கொள்ளவும் கூடும் என்பதற்கு இது முதற்சான்று.

அடுத்த ஆண்டின் பெருநிகழ்ச்சி இதனை மேலும் விளக்கும். போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோவின் தகாத தொடர்பு பற்றிய செய்தி 1963இன் தொடக்கத்திலேயே லண்டன் இதழாளர்களின் காதில் விழுந்திருந்தது. அவதூறுச் சட்டத்திற்கு அஞ்சிப் பெரும்பாலோர் வெளிப்படையாக எழுதவில்லை. ‘பிரைவேட் ஐ’ என்னும் அங்கத இதழ் பெயர்களை மாற்றி, குறிப்பால் உணர்த்தியது. வெளிப்படையாகக் கூற இயலாத இடத்தில் பழிகரப்பு பிறக்கிறது என்ற நுட்பத்தைப் பழந்தமிழ் இலக்கணம் அறிந்தவர் இங்கே எளிதில் காண்பர்.

மார்ச் 22ஆம் நாள் புரொஃப்யூமோ நாடாளுமன்றத்தில் எழுந்து, முறைகேடு எதுவும் நிகழவில்லை என்று தன்னிலை விளக்கம் அளித்தார். அவ்வகை விளக்கத்தின்மீது வினா எழுப்புவதில்லை என்பது அம்மன்றத்தின் மரபு. பொய் ஒன்று, கேள்விக்கு இடமில்லாத ஓரிடத்தைத் தேடிப் புகுந்துகொண்டது. ஜூன் மாதத்தில் அவர் உண்மையை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். இடைப்பட்ட பத்து வாரங்களில் சிரிப்பு நிரம்ப இருந்தது. ஆனால் அவரை வீழ்த்தியது சிரிப்பன்று. மேலும் மேலும் துருவப்பட்ட உண்மைகளே அவரை வீழ்த்தின.

1964 தேர்தல் ஆண்டு என்பதைக் காரணங்காட்டி பி.பி.சி. அந்நிகழ்ச்சியை 1963 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஆட்சியாளரைக் கேள்வி கேட்க மக்களுக்கு வாய்க்கும் ஆண்டில் கேலி வாய்மூடிற்று என்பது எண்ணத்தக்கது.

எள்ளியவரே வினவியவரானார்

பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின் அதே ஃப்ராஸ்ட் வேறொரு வேடத்தில் தோன்றினார். வாட்டர்கேட் ஊழலால் 1974 ஆகஸ்டு 9ஆம் நாள் பதவி விலகிய அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன், அடுத்த மாதமே புதிய அதிபர் ஃபோர்டின் பொதுமன்னிப்பைப் பெற்றார். ஆகவே அவர் எந்த நீதிமன்றத்திலும் விடைசொல்ல வேண்டிய நிலை இல்லை. அவரை நேர்காணும் உரிமையை 6 இலட்சம் டாலரும் ஆதாயத்தில் ஒரு பங்கும் தர ஒப்பி ஃப்ராஸ்ட் பெற்றார். அமெரிக்கச் செய்தியாளர்கள் ஏளனம் செய்தனர். பணங்கொடுத்து வாங்கிய நேர்காணலில் என்ன உண்மை இருக்கும் என்றும், கேளிக்கையாளர் ஒருவர் நிக்சனை எப்படி மடக்குவார் என்றும் கேட்டனர்.

1977 மார்ச் மாதம் தொடங்கிய பதிவு மொத்தம் பன்னிரண்டு நாள்கள் நிகழ்ந்தது. ஏறத்தாழ 29 மணிநேரப் பேச்சு பதிவாயிற்று. தொடக்க நாள்களில் ஏளனம் செய்தவர்களின் கூற்றே மெய்யாகும் போலிருந்தது. நிக்சன் நீண்ட விடைகளால் காலத்தைக் கடத்தினார். வினவியவர் விடைகளின் ஊடே புகுந்து மறிக்க இயலாது திணறினார். வாட்டர்கேட் பகுதி வந்தபோது நிலைமை மாறியது. ஃப்ராஸ்டின் ஆராய்ச்சியாளர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ரெஸ்டன் (இளையவர்) நீதிமன்ற ஆவணங்களைத் துருவி, நிக்சனும் அவருடைய உதவியாளர் சார்லஸ் கோல்சனும் பேசிய உரையாடல்களின் எழுத்துப்படிகளை எடுத்துத் தந்திருந்தார். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ராஸ்ட் கேட்டவை அறி வினாக்கள். விடை அவருக்குத் தெரியும். தெரியும் என்பது நிக்சனுக்கும் தெரிந்துவிட்டது. நண்பர்களையும் நாட்டையும் ஆட்சிமுறையையும் தாம் கைவிட்டதாக நிக்சன் சொல்ல நேர்ந்தது. மே 4ஆம் நாள் ஒளிபரப்பான அப்பகுதியை அமெரிக்காவில் 4.5 கோடிப் பேர் கண்டனர்.

இவ்வரலாறு கூறும் செய்தி ஒன்றுண்டு. மாக்மில்லனை எள்ளிய காலத்தில் ஃப்ராஸ்டுக்குக் கிடைத்தது அவருடைய புன்னகை. நிக்சனை வினவிய காலத்தில் கிடைத்தது ஒப்புதல். ஆள் ஒருவரே. வேறுபாட்டை விளைத்தவை ஆவணங்களும் அவற்றைப் படிக்கச் செலவான மாதங்களுமே.

கேட்கப்படாத வினா

நகைச்சுவையாளர் செய்தியாளரை வென்றார் என்ற கருத்து மிக வலுவாக எழுந்த காலம், 2003ஆம் ஆண்டின் ஈராக் போர்க்காலம். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று அமெரிக்க அரசு கூறியது. போர் தொடங்க இரு வாரங்களே இருந்த நிலையில், மார்ச் 6ஆம் நாள் இரவு, அதிபர் ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் செய்தியாளரைச் சந்தித்தார். யாரை அழைப்பது என்ற பட்டியல் அவர் கையிலிருந்தது. எல்லாம் முன்பே எழுதிவைத்தது என்பதுபோல் அவரே ஒரு சொல் சொல்ல, அவையினர் சிரித்தனர். அவருடைய இறைநம்பிக்கை அவரை எவ்வாறு வழிநடத்துகிறது என்றும் ஒருவர் கேட்டார். கென்னடி காலந்தொட்டு வெள்ளை மாளிகையிலிருந்து எழுதிவந்த மூத்த செய்தியாளர் ஹெலன் தாமஸ் அன்று அழைக்கப்படவில்லை. போருக்குச் செல்ல உண்மையில் காரணமென்ன என்ற வினாவை அவர் அதிபரிடம் நேரில் கேட்க, 2006 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் ஈராக்கில் இல்லை என்பதை அமெரிக்க அரசே அமைத்த ஆய்வுக்குழு 2004இல் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு மே 26ஆம் நாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் வாசகர்க்கு ஒரு குறிப்பு வெளியிட்டது. ஆயுதங்கள் பற்றிய செய்திகளை வேண்டிய அளவு கடுமையாகச் சோதிக்கவில்லை என்றும், ஐயத்தை எழுப்பிய செய்திகள் உள்பக்கங்களில் புதைந்தன என்றும் அவ்விதழ் ஒப்புக்கொண்டது. அப்போரில் 4,400க்கு மேற்பட்ட அமெரிக்க வீரரும், இலட்சத்திற்கு மேற்பட்ட ஈராக்கியரும் மாண்டனர். கேட்கப்படாத ஒரு வினாவுக்கு இத்தனை உயிர்கள் விலை என்று கூறினால் அது மிகையாகலாம். ஆனால் வினா உரக்க எழுந்திருந்தால் போர் இவ்வளவு எளிதாகத் தொடங்கியிராது என்பதை மறுத்தல் அரிது.

இச்சூழலில்தான் ஜான் ஸ்டூவர்ட் நடத்திய ‘தி டெய்லி ஷோ’ புகழ்பெற்றது. 2003 ஏப்ரலில் அவர் ஒரு விவாத மேடை அமைத்தார். ஒருபுறம், 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்ற டெக்சாஸ் ஆளுநர் புஷ். மறுபுறம், 2003ஆம் ஆண்டின் அதிபர் புஷ். பிறநாடுகளைக் கட்டியமைக்கும் வேலைக்குப் படையை அனுப்பலாகாது என்று முன்னவர் கூற, பின்னவர் அதற்கு நேர்மாறாகப் பேசினார். இரண்டும் அவரே பேசிய பழைய படச்சுருள்கள். ஸ்டூவர்ட் இட்டுக்கட்டியது எதுவுமில்லை. இரண்டையும் அருகருகே வைத்தார், அவ்வளவே. எந்தச் செய்தி நிறுவனமும் செய்திருக்கக்கூடிய வேலை அது. 2007இல் அமெரிக்கரிடம் நடத்திய கருத்தாய்வு ஒன்றில், மிகவும் மதிக்கும் செய்தியாளர் யார் என்ற வினாவுக்கு ஸ்டூவர்ட் பெயரைச் சொன்னவர் பலர். பெயர்பெற்ற செய்தி வாசிப்பாளர் சிலரோடு அவர் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டு விருந்துகள்

2004 மார்ச் 24ஆம் நாள், வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர் சங்கத்தின் ஆண்டு விருந்து வாஷிங்டனில் நடந்தது. அதிபர் புஷ் சில நிழற்படங்களைத் திரையிட்டார். தம் அலுவலறையில் அறைகலன்களுக்கு அடியில் அவர் குனிந்து தேடும் படங்கள் அவை. காணாமற்போன ஆயுதங்கள் இங்கேதான் எங்கோ இருக்கவேண்டும் என்று அவர் நகைச்சுவையாகச் சொன்னார். 500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர் அதற்குள் மாண்டிருந்தனர். கூடியிருந்த செய்தியாளர் சிரித்தனர். அங்கதம் எளியவரின் படைக்கலம் என்பர். அன்றிரவு அது ஆட்சியாளரின் கேடயமாயிற்று. கேட்க வேண்டிய வினாவை அவரே நகைச்சுவையாக்கிவிட்டபின் எவர் எழுந்து கேட்பார்?

இரண்டாண்டு கழித்து, 2006 ஏப்ரல் 29ஆம் நாள், வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்க விருந்தில் ஸ்டீவன் கோல்பேர் பேசினார். அதிபர் சில அடி தொலைவில் அமர்ந்திருந்தார். அரசைப் போற்றும் விமர்சகர் வேடத்தில் வழக்கமாகத் தோன்றும் கோல்பேர், அன்றும் புகழ்ந்தே பேசினார். நடந்தது எதுவாயினும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளாத உறுதியாளர் என்று அதிபரைப் பாராட்டினார். முடிவு செய்வது அதிபர் வேலை, அறிவிப்பது அவருடைய செய்திச் செயலர் வேலை, அதை எழுதிக்கொள்வது உங்கள் வேலை என்று செய்தியாளருக்கும் ‘அறிவுரை’ தந்தார். அவையில் சிரிப்பு குறைந்தது.

தமிழறிந்தார்க்கு இக்காட்சி புதிதன்று. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். மாலை சூடி நெய் பூசிக் காவலுள் கிடக்கும் உன் படைக்கலங்கள் எவ்வளவு அழகு. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் கூறியதைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. புகழ்வதுபோல் பழித்த வஞ்சப் புகழ்ச்சி அது. ஒன்றை இங்கே கருத வேண்டும். ஔவையின் சொல்லுக்கு வலிமை தந்தது சொல்நயம் மட்டுமன்று. முறிந்த வேல் உண்மையில் கொல்லன் உலையில் கிடந்தது. அதைக் கண்டறிந்தவரே அவ்வாறு எள்ள முடியும்.

கேலியின் எல்லை

அங்கதத்தின் குறைபாடும் இவ்வரலாற்றிலேயே உண்டு. 2004 அக்டோபர் 15ஆம் நாள் சி.என்.என். தொலைக்காட்சியின் ‘கிராஸ்ஃபயர்’ நிகழ்ச்சிக்குச் சென்ற ஸ்டூவர்ட், இருகட்சிக் கூச்சலை விவாதம் என்று காட்டி நாட்டுக்குத் தீங்கு செய்கிறீர்கள் என்று நடத்துநர்களிடமே சொன்னார். அவர்களுள் ஒருவரான டக்கர் கார்ல்சன், அதிபர் வேட்பாளர் ஜான் கெரி உம் நிகழ்ச்சிக்கு வந்தபோது நீர் கேட்டவை மட்டும் கடுமையானவையா என்று திருப்பினார். தம் நிகழ்ச்சிக்கு முன்னால் வருவது பொம்மைகள் தொலைபேசியில் குறும்பு செய்யும் நிகழ்ச்சி என்பது ஸ்டூவர்ட்டின் விடை. அவையோர் சிரித்தனர். ஆனால் கார்ல்சனின் வினா விடையின்றியே நின்றது. கடிந்துரைக்கும்போது நீதிபதியாகவும், கடியப்படும்போது விதூடகனாகவும் நிற்கும் வசதி அங்கதக்காரர்க்கு உண்டு; செய்தியாளர்க்கு இல்லை. (அந்நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவை 2005 ஜனவரியில் சி.என்.என். அறிவித்தது.)

2009 மார்ச் மாதம், பங்குச்சந்தை விமர்சகர் ஜிம் கிரேமரிடம் பழைய ஒளிப்பதிவுகளைக் காட்டி ஸ்டூவர்ட் கேட்ட வினாக்கள் கூர்மையாக இருந்தன. அங்கே சான்று கையிலிருந்தது. 2010 ஜனவரியில், கைதிகள்மீது கடும் விசாரணை முறைகளைக் கையாளச் சட்டக் கருத்துரை எழுதிய ஜான் யூ விருந்தினராக வந்தார். சட்டத்தின் நுண்மைகளுக்குள் அவர் நழுவிக்கொண்டே போனார். நகைச்சுவை அங்கே பயன்படவில்லை. தாம் அவரைப் பிடிக்கத் தவறியதை ஸ்டூவர்ட்டே பின்னர் ஒப்புக்கொண்டார்.

மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது. 2003க்கு முன் செய்தியாளர் அனைவரும் உறங்கிவிடவில்லை. நைட் ரிடர் என்னும் இதழ்க் குழுமத்தின் வாஷிங்டன் செய்தியாளர்களான ஜானதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும், ஆயுதங்கள் பற்றிய அரசின் கூற்றை உளவுத்துறையினரே ஐயுறுகின்றனர் என்று 2002ஆம் ஆண்டிலேயே எழுதினர். அமைச்சர்களைச் சந்திப்பதை விட்டு, கீழ்நிலையில் பணிபுரிந்த அலுவலரைத் தேடிச் சென்று கேட்டது அவர்கள் கையாண்ட முறை. அக்குழுமத்திற்குத் தலைநகரில் சொந்த நாளிதழ் இல்லை. ஆகவே அச்செய்திகள் ஆட்சியாளரின் மேசைக்கும் பிற செய்தியாளரின் மேசைக்கும் அரிதாகவே சென்றன. வினா கேட்கப்பட்டது, செவிகள் இல்லை.

பிரிட்டனில் 1983 மே மாதம் நிகழ்ந்ததையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். முந்திய ஆண்டு ஃபாக்லாந்துப் போரில் ‘பெல்கிரானோ’ என்ற அர்ஜென்டினக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் மாண்டனர். போர் விலக்கு எல்லைக்கு வெளியே, தீவுகளை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்த கப்பலை ஏன் தாக்க ஆணையிட்டீர் என்று பி.பி.சி. நேரலையில் ஓர் ஆசிரியை மார்கரெட் தாட்சரிடம் கேட்டார். தலைமையமைச்சர் விடையை வேறுபக்கம் திருப்பும்போதெல்லாம், அவர் கப்பல் சென்ற திசையைச் சொல்லி மீண்டும் அதே வினாவுக்கு வந்தார். அவர் செய்தியாளரும் அல்லர், நகைச்சுவையாளரும் அல்லர். அவரிடம் இருந்தவை வரைபட அறிவும் விடாப்பிடியும்.

முடிவாக

செய்தியாளர் கேட்பது கடுமையா, அங்கதக்காரர் கேட்பது கடுமையா என்ற ஒப்பீடு, கடுமை என்பதைக் குரலில் தேடுகிறது. இவ்வரலாறு காட்டும் கடுமை குரலில் இல்லை. முன்பு சொன்னதை நினைவில் வைத்திருப்பது, ஆவணத்தைத் தேடிப் படிப்பது, விடை வராதபோது அதே வினாவுக்குத் திரும்புவது ஆகிய மூன்றுமே கடுமை. இம்மூன்றையும் செய்தியாளர் கைவிட்டபோது அங்கதக்காரர் எடுத்துக்கொண்டார். அவரும் கைவிட்டபோது வெறுஞ்சிரிப்பே எஞ்சியது. அச்சிரிப்பை ஆட்சியாளர் தமக்குக் கேடயமாக்கிக்கொண்டார்.

கவிதையும் எள்ளலும் கைவரப்பெற்ற இலக்கிய அன்பர்க்கு இதில் பெருமையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஒரு சொல்லால் அவையைச் சிரிக்க வைக்க இயலும் என்பது பெருமை. அச்சொல்லுக்குப் பின்னால் முறிந்த வேல் ஒன்று உண்மையாகவே கிடக்கிறதா என்று முதலில் உலைக்களம் சென்று பார்த்துவர வேண்டும் என்பது எச்சரிக்கை. பார்த்து வந்தபின், வினாவாகக் கேட்பினும் அங்கதமாகப் பாடினும் அது ஆட்சியாளரின் செவியில் தைக்கும்.